விரதம் முடிந்த மறுநாள்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பாதிக்கு மேற்பட்டவை குடியைப் பற்றியும் போதையைப் பற்றியுமே இருந்தன. கந்தசஷ்டி நெருங்கும் காலத்தில் திருகோணமலையிலிருந்து இத்தகைய கடிதங்கள் வருவது எனக்குப் புதிதன்று. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் குறித்துள்ளேன்.

நான் கடற்றொழிலாளி. வயது 38. இருபது வருடமாகச் சாராயம் குடிக்கிறேன். ஆனால் கந்தசஷ்டி ஆறு நாளும் தொடமாட்டேன். ஐயப்பனுக்கு மாலை போட்ட வருடம் 48 நாளும் ஒரு துளிகூடக் குடிக்கவில்லை. பாறணை முடிந்த மறுநாள் கால் தானாகவே தவறணைக்குப் போகிறது. என்னுடைய பக்தி பொய்யா ஐயா?
— உப்புவெளி வாசகர்

பொய்யன்று, தம்பி. பொய்யான பக்தி ஒருவனை 48 நாள் தாங்கியிராது. நானும் பல ஆண்டுகள் உங்களைப் போலவே விரதக்காரக் குடிகாரனாக இருந்தவன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த 48 நாளும் உங்களைத் தாங்கியது எது, அது மறுநாள் எங்கே போயிற்று?

மாலை போட்டிருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து குளித்தீர்கள். வீட்டில் உங்களுக்கெனத் தனிப் பாத்திரத்தில் சமைத்தார்கள். நேற்று வரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட கூட்டாளிகள் "சாமி" என்று அழைத்தார்கள். அழைத்தவர்கள் போத்தலோடு வந்து வாசலில் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, அதாவது தவறணைக்கு உரிய அந்த இரண்டு மணி நேரமும், பூசையிலும் பஜனையிலும் கழிந்தது. மாலையைக் கழற்றிய அன்று நீங்கள் கழுத்திலிருந்ததை மட்டும் கழற்றியதாக நினைத்தீர்கள். உண்மையில் அந்த நாளின் ஒழுங்கையும், அந்தக் கூட்டத்தையும், அந்தப் பெயரையும் சேர்த்தே கழற்றி வைத்தீர்கள். வெறுமையாகக் கிடந்த ஆறு மணிக்கு என்ன வந்து குடியேறும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. விரதத்துக்கு முடிவுநாள் இருக்கிறது. மனம் அதை எண்ணிக்கொண்டே இருக்கும். நான் மாலை போட்டிருந்த ஓர் ஆண்டில், நாற்பதாம் நாள் அளவில், யாரோடு எங்கே குடிப்பது என்பதுவரை உள்ளுக்குள் தீர்மானித்துவிட்டிருந்தேன். வாய் மட்டும் சரணம் சொல்லிக்கொண்டிருந்தது. பௌர்ணமியான போயா நாளில் மதுபானசாலைகள் பூட்டியிருக்கும் என்பதற்காக முதல்நாளே இரட்டிப்பாக வாங்கி வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். என் விரதமும் ஏறத்தாழ அத்தகையதாகத்தான் இருந்தது.

ஆகவே இந்தச் சஷ்டிக்குப் புதிதாக எந்த நேர்த்தியும் வைக்காதீர்கள். பாறணை முடிந்தபின் விரதத்திலிருந்து ஒன்றே ஒன்றை மிச்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது அதிகாலைக் குளிப்பாக இருக்க வேண்டியதில்லை, மாலை ஆறு மணியாக இருக்கட்டும். அதிகாலையில் யாருக்கும் சாராயம் பெரிதாக நினைவு வருவதில்லை. (காலையிலேயே நினைவு வருபவராயின் அடுத்த கேள்விக்கான பதிலையும் படியுங்கள்.) கரைவலைப் பங்கு கையில் கிடைக்கும் நாளில் பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, தவறணை இல்லாத தெருவால் கோயிலுக்குப் போங்கள். முடிந்தால் கோணேசர் கோயிலுக்கே போங்கள். கோட்டை வாசலைக் கடந்து, மான்கள் மேய்கிற அந்த ஏற்றத்தில் நடந்து மேலே போய்ச் சேரும்போது, குடிக்க வேண்டும் என்ற எண்ணம் பாதி இறங்கியிருக்கும்.

ஏன் இறங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், குடிக்கத் தூண்டும் வேட்கையை அலைக்கு ஒப்பிட்டார். அது எழும், உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்கு மேல் உச்சத்தில் நிற்பதில்லை. குடிப்பவனுக்கு இது தெரியாமற் போவதற்குக் காரணம், அலை இறங்கும்வரை அவன் ஒருநாளும் காத்திருந்ததில்லை என்பதே. கடலில் தொழில் செய்யும் உங்களுக்கு அலையைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்த அரைமணியைக் கடப்பதற்குத்தான் செபம். உருத்திராக்க மாலையில் 108 முறை நமசிவாய என்று அவசரமின்றிச் சொல்ல ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். நான்கு சுற்று முடிந்தால் இருபது நிமிடம் தாண்டிவிடும். முருகனின் ஆறெழுத்தாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். மனம் ஒருமைப்படுகிறதா என்று பார்க்க வேண்டாம். எண்ணிக்கையை விடாமல் இருந்தால் போதும்.

கடைசியாக, சத்தியம் பண்ணாதீர்கள். "இனி வாழ்நாளில் தொடமாட்டேன்" என்று கற்பூரத்தில் அடித்துச் சொன்னவன் ஒருநாள் ஒரு கிளாஸ் குடித்துவிட்டால், அந்த ஒன்றோடு நிறுத்துவதில்லை. முறிந்தது முறிந்துவிட்டது என்று போத்தலையே முடிக்கிறான். இதையும் மார்லட் கவனித்து எழுதியிருக்கிறார். எங்களூரில் அதற்குத் தெய்வக் குற்றம் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. "முருகன் இனி என்னைப் பார்க்கமாட்டான்" என்ற நினைப்போடு மாதக்கணக்கில் கோயில் வாசலை மிதிக்காதவர்கள் பலரை அறிவேன். தவறினால் மறுநாள் ஆறு மணிக்கே கோயிலுக்குப் போங்கள். குடித்ததைச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர் உங்களைவிடப் பெரிய குற்றவாளிகளையும் பார்த்தவர்.

என் கணவர் காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் நிலையில் இருந்தார். போன வருடம் சஷ்டிக்குக் காப்புக் கட்டி, ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டாம் நாள் உடல் முழுக்க நடுங்கி வியர்த்தது. மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டினார். இறந்துபோன அண்ணனோடு பேசினார். மாமி, இது காத்துக் கறுப்பு என்று நூல் கட்டுவிக்க அழைத்துப் போனார். கடைசியில் பயந்து சாராயத்தையே கொடுத்தோம், அடங்கிற்று. இந்த வருடமும் விரதம் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார். தடுக்கலாமா?
— சாம்பல்தீவு வாசகி

அம்மா, விரதத்தைத் தடுக்க வேண்டாம். வைத்தியரிடம் போகாமல் நிறுத்துவதைக் கட்டாயம் தடுங்கள். உங்கள் கணவரைப் பிடித்தது பேயன்று. நீண்டகாலம் நாள்தோறும் குடித்தவரின் மூளை மதுவின் அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து எப்போதும் முடுக்கிவிடப்பட்ட நிலையில் இயங்கப் பழகியிருக்கும். அந்த அழுத்தத்தைத் திடீரென எடுத்துவிட்டால், பிரேக் இல்லாத வண்டியைப் போல அது தறிகெட்டு ஓடும். கடைசியாகக் குடித்து சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையான காலத்தில், சிலருக்கு நீங்கள் கண்ட அதே பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் நேரும். சிகிச்சை இல்லாவிட்டால் இதனால் உயிரே போகக்கூடும். எறும்பும் பூச்சியும் ஊர்வதாகத் தோன்றுவது இந்த நிலையின் பழைய அடையாளம். வைத்தியர்கள் கேட்டவுடன் புரிந்துகொள்வார்கள்.

உப்புவெளி வாசகருக்கு இது நேரவில்லையே என்று கேட்பீர்கள். அளவும் காலமும் உடம்பும் ஆளுக்கு ஆள் வேறு. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இவர்கள் யாரும் வீட்டில் தாமாக நிறுத்தக் கூடாது. சஷ்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, குடியை நிறுத்த விரும்புவதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். சில நாட்களுக்கு அமைதிப்படுத்தும் மருந்தும், குடியினால் குறைந்துபோன விற்றமின் பி1-உம் கொடுத்து, கண்காணிப்பில் வைத்து நிறுத்துவார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம். வைத்தியசாலைக் கட்டிலில் படுத்துக்கொண்டு காப்புக் கட்டியிருப்பதற்கு எந்த ஆகமத்திலும் தடை இல்லை. ஆனால் மருந்து எடுக்கும் நாட்களில் பட்டினி வேண்டாம். மாமியிடம் சண்டை பிடிக்காதீர்கள். அவர் நூலைக் கட்டட்டும், நீங்கள் முச்சக்கரவண்டியைக் கூப்பிடுங்கள்.

எங்கள் காவல் தெய்வத்துக்கே சாராயம் படைக்கிறோம். பிறகு மனிதன் குடித்தால் மட்டும் குற்றமா?
— பாலையூற்று வாசகர்

படையல் வைத்த இடத்தில் மறுநாள் காலை போத்தல் காலியாக இருப்பதைக் கண்டுதான் இந்தக் கேள்வி எழுந்திருக்கும் என நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மடை வைக்கும் தெய்வத்துக்கு ஆண்டுக்கு ஒரு போத்தல்தான் கணக்கு. உங்களுடைய கணக்கைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை.

எனது தம்பிக்கு 22 வயது. ஐஸ் என்ற போதைக்கு அடிமையாகிவிட்டான். ஓதிய தண்ணீர் கொடுத்தோம், பலனில்லை. ஓரிடத்தில் பிள்ளைகளை அடைத்து வைத்துத் தொழவும் ஓதவும் பழக்கித் திருத்துகிறார்களாம், அங்கே அனுப்பலாமா? நோன்பு காலத்தில் மட்டும் அவன் ஓரளவு நன்றாக இருக்கிறான்.
— கிண்ணியா வாசகி

சகோதரி, உங்கள் மார்க்கத்தைப் பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எனினும் உங்கள் கடிதத்தின் கடைசி வரியே இந்த விடயத்தின் திறவுகோலாகத் தோன்றுகிறது. சஹரில் இருந்து நோன்பு திறக்கும் வரை ஊரே ஒரே ஒழுங்கில் நடக்கும்போது அவனும் அதில் சேர்ந்து நடக்கிறான். பெருநாள் முடிந்தபின் ஐவேளைத் தொழுகையில் ஒன்றையாவது, குறிப்பாகக் கூட்டாளிகள் தேடி வரும் மஃரிப், இஷா வேளையை, வீட்டு ஆண்கள் யாராவது கூடவே அழைத்துச் சென்று காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள். மது விலக்கப்பட்டதே படிப்படியாகத்தான் என்பதை உங்கள் ஆலிம்கள் சொல்லியிருப்பார்கள். முதலில் அதன் தீங்கு பயனைவிடப் பெரிது என்று சொல்லப்பட்டது. பின்னர் போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்ற கட்டளை வந்தது. முழு விலக்கு அதன் பிறகே வந்தது. தொழுகைக்குத் தெளிவாக நிற்க வேண்டுமென்றால் குடிப்பதற்குக் கிடைக்கும் இடைவெளி தானாகச் சுருங்கிவிடும். அந்த வரிசையில் எவ்வளவு மனித அறிவு இருக்கிறது என்று வெளியாளான நான் வியந்திருக்கிறேன்.

அடைத்து வைக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டாம். வைத்தியர் வந்து போகாத, குடும்பத்தவர் நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாத எந்த இடத்தையும், அது எந்தச் சமயத்தின் பெயரால் நடந்தாலும், நான் நம்புவதில்லை. ஐஸை நிறுத்தினால் சாராயத்தைப் போல வலிப்பு வரும் அபாயம் பொதுவாக இல்லை. ஆனால் முதல் ஒன்றிரண்டு கிழமைகளில் அளவற்ற தூக்கமும் பசியும், அதன் பின்னால் பெரும் மனச்சோர்வும் சந்தேகமும், சிலருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வரும். அந்த நாட்களில் அவனைத் தனியே பூட்டி வைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குச் சொந்தமாகச் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. போதைக்கு அடிமையானவர்களைச் சிகிச்சைக்கு உட்படுத்துவதற்கென 2007-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. தாமாக முன்வருபவர்களுக்கும் அச்சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓதிய தண்ணீரை நிறுத்தவும் வேண்டாம். அதைக் கொடுக்கும் கை, அவன்மேல் இன்னும் கோபம் கொள்ளாத ஒருவருடைய கையாக இருக்கட்டும்.

இதே பொருளில் மூதூரிலிருந்து ஒரு தாய், மகன் குடித்துவிட்டு வரும் ஒவ்வோர் இரவும் விடிய விடியப் புத்தி சொல்வதாக எழுதியிருக்கிறார். போதையில் இருப்பவனுக்குக் காரணம் காட்டுவதை, நீரின் அடியில் மூழ்கிக் கிடப்பவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு வள்ளுவர் ஒப்பிட்டார். அம்மா, இரவில் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுப் படுங்கள். பேச்சைக் காலைத் தேநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் நான். வயது 63. குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. விட்டால் மனம் அமைதியடையும் என்றார்கள். எனக்கு அமைதி வரவில்லை. தியானம் செய்யக் கண்ணை மூடினால் கடல்தான் வருகிறது. சுனாமி வந்த காலை, முதல்நாள் நத்தார் விருந்தில் குடித்தது தெளியாமல் நான் உறங்கிக்கொண்டிருந்தேன். மகள் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். உடலும் கிடைக்கவில்லை. குடித்திருந்த காலத்தில் இரவில் தூங்கவாவது முடிந்தது.
— நிலாவெளி வாசகர்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இது நான்கு பக்கக் கடிதம். இங்கே வெளியிட்டிருப்பது அதில் சிறு பகுதிதான்.

முதலில் உடம்பைப் பற்றி. நெடுநாள் குடித்தவர்களுக்கு, நிறுத்திப் பல மாதங்கள் வரையிலும் தூக்கம் சீராகாமல் இருப்பது வழக்கம். குடித்தபோது நீங்கள் தூங்கவில்லை, மயங்கினீர்கள். உண்மையான தூக்கம் திரும்பி வர இன்னும் சில காலம் எடுக்கும். அதுவரை பகலில் படுக்காமலும், மாலையில் கோப்பி குடிக்காமலும், விடிகாலையில் ஒரே நேரத்தில் எழுந்தும் பாருங்கள்.

இனித் தியானத்தைப் பற்றி. கண்ணை மூடி உட்காருவது எல்லோருக்கும் ஏற்ற மருந்து என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் உடன்படவில்லை. பேரிழப்பையும் பேரச்சத்தையும் கண்ணால் கண்டவர்கள் தனியே கண்ணை மூடும்போது, அந்தக் காட்சியே முன்னால் வந்து நிற்பது உண்டு. அவர்களைத் தொடர்ந்து அப்படியே உட்காரச் சொல்வது புண்ணைக் கிளறுவதாகும். நீங்கள் இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள். கண் திறந்தபடி, வாய்விட்டு, உடம்பு அசைய வழிபடுங்கள். திருஞானசம்பந்தர் கோணமாமலை மேல் பாடிய பதிகத்தை உரக்கப் பாடுங்கள். கடைசிப் பாட்டு நீங்கலாக ஒவ்வொரு பாட்டும் அதே ஈற்றில் வந்து நிற்பதனால், அலைகிற மனம் திரும்பி வந்து கால் வைக்க அதில் ஒரு படி உண்டு. அந்தப் பதிகத்திலும் கடல் இருக்கிறது. அது முத்தைக் கொண்டுவந்து கொழிக்கும் கடல். முதலில் அது உங்களுக்குக் கசக்கலாம். கசந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டுக் கோயில் வீதியைக் கூட்டுங்கள், அன்னதான மடத்தில் காய்கறி வெட்டுங்கள். இரவுக் காட்சிகள் தொடர்ந்தால் உளநல வைத்தியரிடம் போக வேண்டும். அவை வெறும் நினைவல்ல, சிகிச்சை உள்ள ஒரு நோயாகவும் இருக்கலாம்.

ஆனால் நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. இருபது ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை என்கிறீர்கள். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் என்ற ஊரில், குடியை விட்டுச் சில மாதங்களேயான பங்குவர்த்தகர் ஒருவர், வியாபாரம் கைகூடாத ஒரு நாளில், விடுதியின் மதுக்கூடத்துக்குப் போய்விடுவோமோ என்று பயந்தார். அப்போது அவர் பூசை அறையைத் தேடவில்லை. தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரனைக் காட்டித் தரும்படி கேட்டார். அப்படிக் கிடைத்தவர் ஓர் அறுவைச் சிகிச்சை வைத்தியர். இருவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். இன்று உலகெங்கும் உள்ள குடிவிட்டோர் சங்கங்கள் பிறந்தது அந்தப் பேச்சிலிருந்துதான். எங்கள் பெரியவர்கள் அடியார் கூட்டம் என்று சொன்னதை அவர்கள் வேறு வழியால் போய்க் கண்டுகொண்டார்கள். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அவர் குடித்தவராக இருக்கலாம், அல்லது அந்தக் காலையில் பிள்ளையைக் கொடுத்த இன்னொருவராக இருக்கலாம். நிலாவெளியில் அப்படிப்பட்டவரை நீங்கள் வெகுதூரம் தேட வேண்டியிராது. உங்கள் மனைவியும் அவர்களுள் ஒருவர். அவரிடமும் நீங்கள் பேசியதில்லை.

நீங்கள் தெளிவாக இருந்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருப்பீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அன்று காலை தெளிவாக இருந்த தகப்பன்மாரும் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள்.

உடல் கிடைக்காததால் கிரியை எதுவும் செய்யவில்லை என்றும், இறந்தோருக்குக் கிரியை செய்யும் கன்னியா வெந்நீரூற்றுப் பக்கமே போனதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உடல் கிடைக்காதவர்களுக்கும் செய்யும் முறை உண்டு, ஐயரிடம் கேளுங்கள். அதற்கும் மனம் வரவில்லையென்றால், மார்கழியில் அந்த நாள் வரும்போது மனைவியையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் ஓர் ஆத்மசாந்திப் பூசைக்குச் சொல்லுங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் ஓரிடத்திலும் உங்கள் மகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பூசைக்கு முன் ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். மனைவி முந்திக்கொள்ளுமுன், நீங்களே சொல்லுங்கள்.